கரையவே பிறந்த கட்டி

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அங்கே பல வீடுகளுக்கு முன்வாசலில் தெரு, கொல்லையில் உப்புநீர்க் கால்வாய். இவர் தன் கொல்லைத் துறையில் பாதி இடத்தை இன்னொருவர் படகுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்தப் படகு வந்த நாள்முதல், இவருடைய படகின் அடியில் ஒரு வருஷம் தாங்க வேண்டிய துத்தநாகக் கட்டி மூன்றே மாதத்தில் கரைகிறதாம். படமும் அனுப்பியிருந்தார். உள்ளங்கையளவுக் கட்டி, எறும்பு அரித்த வெல்லம்போல் குழி குழியாக இருந்தது.

படகின் அடியில் இதை எதற்குப் பொருத்துகிறார்கள்? உப்புநீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் அது ஒரு பேட்டரி. எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது பிழைக்கும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஜி.ஐ. குழாயும் பித்தளை வால்வும் சேரும் மரைதான் எப்போதும் முதலில் துருப்பிடித்து ஒழுகும். குழாயின் நடுப்பகுதி இருபது வருஷமாக அப்படியே இருக்கிறது. படகில் துத்தநாகத்தைச் சேர்த்துவிட்டால் அரிப்பை அது தன்மேல் வாங்கிக்கொள்ளும். கட்டி தீர்ந்துபோனால் அடுத்த பலி ப்ரொப்பெல்லர். வெண்கலம் என்று விற்கப்படும் பல ப்ரொப்பெல்லர்கள் துத்தநாகம் நிறைய கலந்த பித்தளை வகை. அந்தத் துத்தநாகம் வெளியேறி, மிஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த நிறம் வந்துவிட்டால் இறக்கை ரஸ்க் மாதிரி உடையும் காலம் தூரமில்லை.

இந்த உபாயம் 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கண்டது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடுகள் அரித்துப்போவதைத் தடுக்க வழி கேட்டார்கள். அவர் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் அவற்றுக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, வாசகரின் கட்டி எங்கே போகிறது? இரண்டு படகுகளும் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அந்தக் கேபிளில் இருக்கும் பச்சை எர்த் ஒயர், இரண்டு படகுகளின் அடி உலோகங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. நடுவில் உப்புநீர். பேட்டரி தயார். அந்தப் படகின் துத்தநாகம் வேலை செய்யாவிட்டால், அதன் ப்ரொப்பெல்லரையும் இவருடைய கட்டியே காக்க வேண்டும்.

அதற்காகப் பச்சை ஒயரை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த ஒயர் இல்லாத படகில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரம் தண்ணீரில் இறங்கும். நன்னீரில் இது இன்னும் கொடியது: நீரைவிட மனித உடல் நன்றாகக் கடத்துவதால், நீந்துகிறவர் வழியாகவே பாயும். கைகால் மரத்து, கூப்பிடக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார்கள். சில நூறு ரூபாய்க் கட்டிக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதா? எர்த் பாதுகாப்பைக் கெடுக்காமல் இந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும் தடுக்க, கால்வனிக் ஐசோலேட்டர் என்ற கருவி கிடைக்கிறது. அதை வாங்கச் சொன்னேன்.

கூடவே, வாடகைக்கு நிற்கும் படகைத் தூக்கி அடியைப் பார்க்கும்படியும் எழுதினேன். மேல்தளத்தை வாராவாரம் மெழுகிட்டுத் துடைப்பவர்கள், நீருக்குள் இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

போன வாரம் பதில் வந்தது. அந்தப் படகின் அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத நீலப் பெயின்ட் அடித்தபோது, துத்தநாகக் கட்டியின் மேலும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். தண்ணீரே தொடவில்லை. சுரண்டிப் பார்த்தால், பொருத்திய அன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு குழிகூட விழாமல் இருந்ததாம்.