கீச்சாப் போத்தலும் கோஸ் பிரட்டலும்

கோஸ் பிரட்டல் செய்யத் தெரியாதவர்கள் இருக்க முடியுமா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடுகு தாளித்து, வெங்காயம் வதக்கி, கோசைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. கோலாலம்பூரில் வேலை முடிந்து, கொமுட்டர் ரயிலில் நின்றபடியே கிள்ளானுக்கு வந்து சேர்ந்த பிறகும் செய்யக்கூடிய காய் அது. ஒன்று வாங்கிப் போட்டால் பெட்டிக்குள் ஒரு வாரம் வாடாமல் கிடக்கும். மனைவிக்கு இரவு வேலை இருக்கும் நாள்களில் சமையல் என் பொறுப்பு. அந்த நாள்களில் பெரும்பாலும் கோஸ்தான்.

போன ஆண்டு அம்மா தவறிய பிறகு, சுங்கை சிப்புட்டில் தனியாக இருந்த அப்பாவை எங்களோடு அழைத்து வந்தோம். வந்த முதல் வாரமே கோஸ் வைத்தேன். மூன்று வாய் சாப்பிட்டார். மீதியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார். "நல்லாத்தான்யா இருக்கு" என்றார். நல்லாத்தான் என்பதில் வரும் அந்தத் 'தான்' எனக்குப் புரியாமல் இல்லை.

அடுத்தடுத்த வாரங்களில் தட்டு காலியாகத் தொடங்கியது. எனக்கும் சந்தோஷம். ஆனால் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தபோது மேல் அளவு 160-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை தவறவில்லை. உப்பைக் குறைத்துத்தான் சமைக்கிறேன். எங்கே தப்பு? விடை அலமாரியில் இருந்தது. புதிதாக வாங்கிய கீச்சாப் போத்தலில் பாதி காணோம். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அப்பா சோற்றில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அளந்து பார்த்தால் ஒரு தேக்கரண்டிகூட வராது. அப்பளம், ஊறுகாய், இக்கான் பிலிஸ், கீச்சாப் எல்லாமே அந்தக் கணக்கில் அடக்கம். இதையெல்லாம் ஒப்பித்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "உப்புக்காக ஊத்தலய்யா. கோசு தண்ணியா இருக்கு. உங்கம்மா செஞ்சா தண்ணி இருக்காது" என்றார். அம்மா போனபின் அம்மாவைப் பற்றி அவராக வாய் திறந்தது அன்றுதான்.

அன்றிரவே ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உப்ப எப்ப போட்டே?"

கோசைப் போட்டதும் போட்டேன் என்றேன். அதுதான் காரணமாம். முதலிலேயே உப்பு விழுந்தால் கோஸ் தன்னிடம் உள்ள தண்ணீரை எல்லாம் விட்டுவிடும். அதற்குப் பிறகு நடப்பது பிரட்டல் இல்லை, அவியல். போதாக்குறைக்கு நான் மூடி வேறு போட்டிருந்தேன். கோசில் கந்தகச் சத்து உண்டு. மூடிபோட்டு நெடுநேரம் வேகவைத்தால் அது ஒரு வாடையாகக் கிளம்பும். பிள்ளைகள் கோசைக் கண்டு மூக்கைப் பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பெரியம்மா சொன்ன முறை இது. அரைக் கோசை முதலில் கழுவி, நீரை நன்றாக வடிய விட வேண்டும். ஒரு துணியில் பரப்பி ஒற்றி எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு மெல்லிசாக அரிய வேண்டும், பொடியாகக் கொத்தக்கூடாது. குவாலி நன்றாகக் காய்ந்த பின் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம் பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஏழெட்டுச் சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, கால் தேக்கரண்டி மஞ்சள். பிறகு கோஸ். தீயைக் குறைக்காமல், மூடாமல், ஐந்தாறு நிமிடம் பிரட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் வேகட்டுமே என்று தோன்றும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடைசியாக ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூ, அதற்கும் பிறகுதான் உப்பு. எங்கள் நான்கு பேருக்குக் கால் தேக்கரண்டி போதுமானதாக இருக்கிறது. உப்பு உள்ளே இறங்காமல் மேலாகவே நிற்பதால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்குத் தெரிகிறது.

வாழையிலைக் கடைகளில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோஸ் மஞ்சள் தண்ணீரில் மிதப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை பெரிய சட்டியில் அள்ளிக் கொட்டினால் அப்படித்தான் ஆகும். நம் வீட்டுக் குவாலியில் ஆக வேண்டியதில்லை. கோஸ் அதிகம் என்றால் இரண்டு தடவையாகப் பிரட்டலாம்.

மறுநாள் வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு இருவரும் சந்தைக்குப் போகிறோம். கோஸ் பொறுக்குவது அப்பாதான். ஒரே அளவில் இரண்டைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கிறார். கனமில்லாமல், இலை தளர்ந்திருப்பது பிரட்டலுக்கு; கல்போல இறுகியிருப்பது கூட்டுக்கு. கேமரன் மலைக் கோஸ் என்று கடைக்காரர் சொன்னால் தனிக் கவனம். ஈப்போ பக்கத்துக்காரருக்கு அந்த மலை சொந்த ஊர் மாதிரி. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரர் நில அளவைக்குப் போய் வந்த மலை அது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் குளிரில்தான் கோஸ் நன்றாகச் சுருண்டு உருளும்.

கூட்டு இன்னும் சுலபம். மைசூர் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை, கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். அது முக்கால் பதம் வெந்ததும் கோசைப் போட்டு, சீரகமும் பச்சை மிளகாயும் தேங்காயும் அரைத்து ஊற்றினால் சரி. தொட்டுக்கொள்ள ஒரு முட்டை, வெள்ளரிக்காய்த் துண்டுகள், தயிர். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா சொல்லித்தந்த தேங்காய்ப்பால் கோசும் எப்போதாவது உண்டு, ஆனால் அவர் போடும் இக்கான் பிலிசில் பாதிதான் நான் போடுகிறேன்.

கோசை அரியும்போது நடுத்தண்டை நான் குப்பையில் போடப் போனேன். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தோலைச் சீவி, இரண்டாக நறுக்கி, ஒன்றை என் மகளிடம் கொடுத்தார். சின்ன வயதில் அம்மா எனக்குக் கொடுப்பது போலவேதான். மகள் கடித்துப் பார்த்துவிட்டு, உப்புக் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார்.