கோல்ஃப் மட்டையின் கைப்பிடி: டேப், டர்பன்டைன், கொஞ்சம் அவசரம்

கோல்ஃப் என்றாலே பணக்காரர் ஆட்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் பட்டம் ஜெயித்த அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கிய கேடி. கேடிகளுக்கும், என்னை மாதிரி செகண்ட் ஹாண்டில் வாங்கி ஆடும் ஆட்களுக்கும் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய செட்தான். அதில் தலை, தண்டு எல்லாம் திடமாக இருக்கும். முதலில் சாவது கைப்பிடி ரப்பர்.

அது சாவதற்குக் காரணம் வேதியியல். ரப்பர் மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அரிக்கின்றன. ரப்பர் இறுகி, பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வியர்வை எண்ணெய் வேறு. வழுக்குகிறது என்று தெரிந்ததும் கை தன்னால் இறுகும், தோள் இறுகும், அடி போச்சு. சில சமயம் மட்டையே பறக்கும், எதிரே ஆள் நின்றால் விபரீதம்தான். அதனால் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை கிடைக்கும், பொம்மை கிடைக்கும். கோல்ஃப் கிரிப் மாற்றித் தரும் கடை எதையும் நான் பார்த்ததில்லை. கிரிப்பை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், ஒன்று சில நூறு ரூபாய். மீதிச் சாமான் எல்லாம் பெயிண்ட் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் இருக்கிறது. அந்தச் செலவு மொத்தமும் ஒரு கிரிப் விலைக்குள் அடங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய பிடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு பிரஷ்ஷால் கழுவி, காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பாதிக்குப் பாதி கேஸ் இதிலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. கிரிக்கெட் மட்டையின் கிரிப்பை கோன் வைத்து விரித்து ஏற்றுகிறோம், அது தன் இழுவிசையிலேயே பிடித்துக்கொள்கிறது. கோல்ஃப் கிரிப் ஒரு முனை மூடிய கூம்பு, அந்த வித்தை இங்கே செல்லாது. தண்டின்மேல் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றுகிறோம். ஒட்டும் பரப்பின்மேல் ரப்பரை எப்படித் தள்ளுவது? கரைப்பான் ஊற்றினால் பசையின் மேற்பரப்பு இளகி, ஒரு நிமிஷம்போல வழுக்கும். அதற்குள் கிரிப்பை உள்ளே தள்ளி நேர் செய்துவிட வேண்டும். கரைப்பான் ஆவியாகப் போனதும் பசை மறுபடி பிடிக்கும். பீங்கான் கப்பில் டீகால் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் இருக்கும்வரை படம் நகரும், தண்ணீரை வழித்து எடுத்ததும் நின்றுவிடும்.

எந்தக் கரைப்பான்? பலரும் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம். மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து அடுப்படிவரை போகும். போதாததற்குச் சீக்கிரம் உலர்ந்து கிரிப்பைப் பாதி வழியில் நிறுத்திவிடும். மண்ணெண்ணெய் நேர் எதிர், எண்ணெய்ப் பசை விட்டுவிட்டு உலரவே உலராது. என்.சி. தின்னர் ரப்பரை உப்பவைக்கும், கிராஃபைட் தண்டின் பெயிண்ட்டையும் தின்னும். பெயிண்டர்கள் வாங்கும் மினரல் டர்பன்டைன்தான் சரி. அதற்கும் தீப்பற்றும் வெப்பநிலை 35–40 டிகிரி வட்டாரத்தில்தான். நம்ம ஊர் சித்திரை வெயில் அதைத் தாண்டும். காலையில், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

பழைய பிடியைக் கொக்கி மாதிரி வளைந்த பிளேடால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கிழியுங்கள். கிராஃபைட் தண்டு என்றால் நேர் கத்தி கூடவே கூடாது, ஒரு கீறல் போதும் தண்டு முறிய. பழைய டேப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டலாம். வைஸ் இருந்தால் தண்டில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் பிடித்துக்கொண்டால் போதும்.

டேப் ஏன் 2 அங்குல அகலம்? தண்டின் முனை விட்டம் 0.600 அங்குலம், அதாவது சுமார் 15.2 மி.மீ. பையால் பெருக்கினால் சுற்றளவு 48 மி.மீ. 50 மி.மீ. டேப்பை நீளவாக்கில் வைத்து மடித்தால் அச்சு அசலாக ஒரு சுற்று! பஞ்சு வைத்த டேப் வாங்கிவிடாதீர்கள், மெல்லிய காகித வகைதான் வேண்டும். முனையில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத் தண்டின் துளைக்குள் மடியுங்கள். கிரிப் மூடியில் உள்ள சின்ன ஓட்டையை விரலால் அடைத்து, டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் முழுக்க நனையும்படி கொட்டுங்கள். ஒரே மூச்சில் தள்ளுங்கள். மூடி தண்டின் முனையில் முட்டியதும் மட்டையைத் தரையில் ஆடும் நிலையில் வைத்து, கிரிப்பின் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்புங்கள். ஒரு நாள் காயட்டும்.

கரைப்பானே வேண்டாம் என்றால் பஞ்சர் கடை கம்ப்ரஸர் உதவும். சாதாரண மாஸ்கிங் டேப் சுற்றி, கிரிப்பின் வாயைத் தண்டில் செருகி, மூடி ஓட்டை வழியாகக் காற்றடித்தால் ரப்பர் உப்பி மிதந்துகொண்டே உள்ளே போகும். கழற்றவும் இதே வழிதான், கிரிப் கிழியாது. அதிகமாக அடித்தால் பலூன் மாதிரி வெடிக்கும், காற்றை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கை பெரிதாக இருப்பவர்கள் அடியில் மாஸ்கிங் டேப் சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளலாம், சுற்றுக்கு விட்டம் 1/64 அங்குலம் கூடும் என்று கணக்கு. எடையையும் பாருங்கள். சாதாரண ரப்பர் கிரிப் 50 கிராம் அளவில் இருக்கும். பிடியில் 4–5 கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளி குறைந்து, மட்டையின் தலை லேசானதுபோல் தெரியும். அதனால் 13 மட்டைக்கும் ஒரே மாடலை வாங்குங்கள். பட்டர் மட்டும் தனி ஜாதி. விதிப்படி அதன் பிடி உருண்டையாக இருக்க வேண்டியதில்லை, தட்டையான முகம் இருக்கலாம். அந்த முகம் கோணினால் உடனே தெரியும், முதல் முயற்சியை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.