எட்டிப் பார்ப்பவர் எத்தனை? எடுத்துச் செல்பவர் எத்தனை?

இணையத்தில் கடை நடத்துபவர்களுக்குத் தேவைப்படும் சிறு சிறு ஆப்களை எழுதி விற்பது இன்று ஒரு தனித் தொழில். நானும் என் நண்பரும் அலுவலக வேலை போக மீதி நேரத்தில் ஷாப்பிஃபை ஆப் ஸ்டோருக்காக ஓர் ஆப் தயாரித்துள்ளோம். கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2009ல் தொடங்கிய சந்தை இது. இங்கு ஒவ்வொரு ஆப்புக்கும் ஓர் அறிமுகப் பக்கம் உண்டு. இதை லிஸ்டிங் என்பார்கள். விளம்பரமும் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போகும். சொந்தக் காசைப் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான். கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் ஆப்பை இன்ஸ்டால் செய்தார்கள்? கூகுள் அனலிட்டிக்ஸ் மூலம் இதை இலவசமாகவே அறியலாம். எப்படி என்று பார்ப்போம்.

சொந்த இணையதளம் என்றால், கூகுள் தரும் நிரல் வரிகளை நாமே பக்கத்தில் ஒட்டிவிடலாம். லிஸ்டிங் பக்கமோ ஷாப்பிஃபையின் தளத்தில் இருக்கிறது. அதில் நாம் கை வைக்க முடியாது. அதற்குப் பதிலாக, நம் அனலிட்டிக்ஸ் எண்ணைக் கொடுத்தால் அவர்களே அதைச் சேர்த்துவிடுவார்கள். கீழ்க்காணும் வழிகளைப் பின்பற்றவும்.

1. கூகுள் அனலிட்டிக்ஸில் நுழைந்து அட்மின் பகுதியில் லிஸ்டிங்குக்கென்று தனியாக ஒரு ப்ராப்பர்ட்டி உருவாக்கவும்.

2. டேட்டா ஸ்ட்ரீம்ஸ் பிரிவில் வெப் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஷாப்பிஃபை ஆப் ஸ்டோரின் முகவரியைத் தரவும். 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மெஷர்மென்ட் ஐடி கிடைக்கும். 'யுஏ' என்று தொடங்கும் பழைய எண்கள் உதவாது. அந்தப் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தகவல்களைப் பதிவு செய்வதில்லை.

3. அதே திரையில் மெஷர்மென்ட் புரோட்டோகால் பகுதிக்குச் சென்று ஏபிஐ சீக்ரெட் ஒன்றை உருவாக்கவும்.

4. ஷாப்பிஃபை பார்ட்னர் கணக்கில் லிஸ்டிங்கைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து, டிராக்கிங் பகுதியில் இந்த இரண்டையும் பதிந்து சேமிக்கவும்.

ஏபிஐ சீக்ரெட் எதற்கு என்று கேட்கலாம். லிஸ்டிங் பக்கத்தைப் பார்ப்பதும் இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதும் பிரவுசரில் நடப்பவை. நிரல் வரிகள் அவற்றைப் பிடித்துவிடும். ஆனால் இன்ஸ்டால் முடிவது கடைக்காரரின் நிர்வாகப் பக்கத்தில். அங்கே நம் நிரல் இருக்காது. எனவே ஷாப்பிஃபையின் சர்வரே நேரடியாக கூகுளுக்குத் தகவல் அனுப்புகிறது. அதற்கான சாவிதான் இந்த சீக்ரெட். இது தெரிந்த எவரும் பொய்யான இன்ஸ்டால்களை அனுப்ப முடியும் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

சரியாக அமைத்தீர்களா என்று சோதிக்க, லிஸ்டிங்கை ஒரு முறை திறந்துவிட்டு ரியல்டைம் ரிப்போர்ட்டைப் பாருங்கள். உங்கள் வருகை அங்கே தெரிய வேண்டும். முதல் இன்ஸ்டால் நடந்த பிறகு ஈவென்ட்ஸ் பட்டியலில் அதற்கான பெயர் தோன்றும். அதை கீ ஈவென்ட் என்று குறித்துவிடுங்கள். 2024க்கு முன் இதையே கன்வர்ஷன் என்றார்கள். டேட்டா ரிடென்ஷன் பகுதியில் 2 மாதம் என்று இருப்பதை 14 மாதமாக மாற்றவும் மறக்காதீர்கள்.

இனி பலனைப் பார்ப்போம். ஆப் ஸ்டோரில் ஒருவர் தேடி வந்தால், லிஸ்டிங் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் 'சர்ஃபேஸ் டைப்', 'சர்ஃபேஸ் டீட்டெய்ல்' என்ற பகுதிகள் சேரும். வந்தவர் சாதாரணத் தேடலில் வந்தாரா, விளம்பரத்தில் வந்தாரா, என்ன சொல்லைத் தேடினார் என்பது அதில் இருக்கும். எக்ஸ்ப்ளோர் பகுதியில் லேண்டிங் பேஜை குவெரி ஸ்ட்ரிங்குடன் ஒரு பக்கமும், வருகைகளையும் கீ ஈவென்ட்டையும் மறுபக்கமும் வைத்து அட்டவணை போடுங்கள்.

உதாரணமாக, ஒரு சொல் 200 வருகைகளையும் 2 இன்ஸ்டால்களையும் தருகிறது, இன்னொன்று 30 வருகைகளையும் 6 இன்ஸ்டால்களையும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருகையை மட்டும் எண்ணினால் முதல் சொல்லுக்குத்தான் பணம் போடத் தோன்றும். ஆனால் முதலாவது நூற்றுக்கு 1, இரண்டாவது நூற்றுக்கு 20. விளம்பரப் பணம் எந்தச் சொல்லுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. குக்கீயை மறுப்பவர்களும் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் அனலிட்டிக்ஸ் கணக்கில் முழுமையாக வரமாட்டார்கள். ஆகவே மொத்த இன்ஸ்டால்களுக்கும், ஆப்பை நீக்கியவர்களின் எண்ணிக்கைக்கும் பார்ட்னர் கணக்கையே நம்புங்கள். எந்த வழியில் வந்தவர் வாங்குகிறார் என்று ஒப்பிட மட்டும் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்துங்கள். ஒரு மாதத் தகவல் சேர்ந்த பிறகு விளம்பரத் தொகையை முடிவு செய்தால் கைக்காசு வீணாகாது.