ஆறு ஸ்க்ரூவுக்கு அந்தப் பக்கம்

பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் அதிகம் புழங்குபவை வீட்டுக்கென்று வாங்கப்பட்டவை அல்ல. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் அலுவலக லேப்டாப்கள்தான்: லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக். சென்னை ரிச்சி தெருவோ, பெங்களூரு எஸ்.பி. ரோடோ, டெல்லி நேரு பிளேஸோ, எங்கு போனாலும் இவற்றுக்குத் தனி மவுசு. பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் கழற்றி மாட்ட வசதி. பாகம் கெட்டால் பாகத்தை மாற்றினால் போதும்.

2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். அடி மூடியில் ஆறு ஸ்க்ரூ. தளர்த்தினாலும் அவை கீழே விழுந்து உருளாமல் மூடியிலேயே நிற்கும். மூடியைத் திறந்தால் ரேமுக்கு இரண்டு இடம், ஹார்டு டிஸ்க் அறை, வைஃபை கார்டு, விசிறி, பேட்டரி எல்லாம் கண்ணெதிரே. எதற்கு முன் எதைக் கழற்ற வேண்டும், எந்த ஸ்க்ரூ எங்கே போகிறது என்று படத்தோடு சொல்லும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோவே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திருப்புளியைத் தொடுவதற்கு முன் அதை ஒருமுறை புரட்டுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எல்லா நிறுவனங்களுக்கும் இந்தத் தாராளம் கிடையாது. கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவராக இருந்த கைல் வீன்ஸ் தன் ஆப்பிள் ஐபுக்கைப் பழுது பார்க்க முயன்றபோது அதற்கான கையேடு எங்கும் கிடைக்கவில்லை. நண்பர் லூக் சோல்ஸுடன் சேர்ந்து 2003-இல் அவர் தொடங்கிய ஐஃபிக்ஸிட், கையேடுகளைத் தானே எழுதி வெளியிட ஆரம்பித்தது. புதுக் கருவிகளைப் பிரித்துப் பார்த்து, பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண்ணும் போடுகிறது. 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவுக்கு அது கொடுத்தது பத்துக்கு ஒன்று. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. மெல்லிசாக, எடை குறைவாக வேண்டும் என்ற ஆசையில் பிற நிறுவனங்களும் பின்னாளில் அதே வழிக்குப் போயின. ஆகவே "லேப்டாப்பை நாமே திறக்கலாமா" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. எந்த லேப்டாப் என்பதைப் பொறுத்தது.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் பலரும் மறப்பது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே தேடி எழுதி வைத்துக்கொள்வது நல்லது; அது எங்கும் கிடைக்காவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்புகள் போனது போனதுதான். கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுத்து வைப்பது அதற்கும் முந்தைய வேலை.

அடுத்தது மின்சாரம். ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைப்பது தவறு. பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்ள அது தேவை. அந்த நிலையில் ஸ்க்ரூ ஒன்று போர்டின்மேல் விழுந்தால் ஷார்ட் ஆகலாம். டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பின்விளக்குக்கான ஃபியூஸ் போய்விடலாம். போனால், திரையில் படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்தால்தான் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அதனால் மூடியைத் திறந்ததும் முதலில் கழற்றுவது பேட்டரி இணைப்பை. கடைசியாக மாட்டுவதும் அதையே. டி480 போன்றவற்றில் இன்னொரு வசதி உண்டு. திறப்பதற்கு முன்பே பயாஸுக்குள் போய் உள் பேட்டரியை முடக்கிவிடலாம். பின்பக்கம் தாழ்ப்பாளைத் தள்ளினால் கழலும் இன்னொரு பேட்டரி இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டும்.

நிலைமின்சாரத்தைப் பற்றி இரண்டு வகை மிகை உண்டு. ஒரு சாரார் அதை நினைத்தே பயந்து எதையும் தொடமாட்டார்கள். இன்னொரு சாரார் "இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆனதில்லை" என்பார்கள். விரல் நுனியில் சுரீர் என்று நமக்கு உறைக்கவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்களுக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும். அதாவது, உறைக்காமலேயே கெடுத்துவிட முடியும். ஈரப்பதம் நிறைந்த கடலோரக் காற்றில் ஆபத்து குறைவு. ஏசி ஓடும் வறண்ட அறையில், பாலியெஸ்டர் உடையோடு கம்பளத்தின்மேல் உட்கார்ந்து வேலை செய்தால் அதிகம். மலிவாகக் கிடைக்கும் ஆன்டி ஸ்டேடிக் மணிக்கட்டுப் பட்டை இதற்குப் போதுமான தீர்வு. அதனுள் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால், தப்பித் தவறி மின்கம்பியில் கை பட்டாலும் பட்டை வழியாகப் பெரிய மின்னோட்டம் பாயாது.

ஸ்க்ரூக்கள் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வீட்டில் நடக்கும் சேதத்தில் கணிசமான பங்கு அவற்றால்தான். பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகினால் தலை தேய்ந்து வழுக்கும். அதற்குப் பிறகு கடைக்காரரிடம்தான் போக வேண்டும். சில ஸ்க்ரூக்கள் ரப்பர் காலுக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் நீளம். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதை இறுக்கினால் அது அந்தப் பக்கம் கீபோர்டையோ டச்பேடையோ போய்க் குத்தும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் செலோடேப்பால் ஒட்டி வைப்பதைவிடச் சிறந்த முறை இன்னும் வரவில்லை.

கடைகளில் லேப்டாப்பின் உடம்பை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். திரைக்குப் பின்புறம் ஏ பேனல், திரையைச் சுற்றிய சட்டம் பி, கீபோர்டு இருக்கும் பகுதி சி, அடி மூடி டி. மூடிகளை ஸ்க்ரூ மட்டும் பிடித்திருப்பதில்லை. ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் விளிம்பில் பல் விழுந்துவிடும். பழைய ஏடிஎம் அட்டையை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் கொக்கிகள் டிக் டிக் என்று ஒவ்வொன்றாக விடும். எங்காவது பிடிவாதமாக வர மறுத்தால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பலம் காட்டக் கூடாது.

உள்ளே போனபின் பொறுமையைச் சோதிப்பது ரிப்பன் கேபிள். கீபோர்டு, டச்பேட், பவர் பட்டன் ஆகியவை காகிதம்போல் மெல்லிய இந்தப் பட்டையால்தான் போர்டோடு சேர்கின்றன. பட்டை நுழையும் வாயின்மேல் கறுப்பிலோ பழுப்பிலோ ஒரு குட்டி மடல் இருக்கும். அதை நகத்தால் மேலே தூக்கினால் பட்டை தானாகத் தளர்ந்துவிடும். சில மாடல்களில் மடலைத் தூக்கக் கூடாது, பட்டையின் பக்கமாகச் சறுக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பலம் காட்டினால் மடல் உடையும். ஐம்பது பைசா பெறாத அந்தத் துண்டு உடைந்தால், பற்றவைக்கத் தெரிந்தவர் போர்டில் வேறு கனெக்டர் வைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது பட்டையில் உள்ள வெள்ளைக் கோடு வாயின் விளிம்போடு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மடலை மூட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கீபோர்டில் நான்கைந்து எழுத்துகள் வேலை செய்யாது; கீபோர்டே கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

இவ்வளவையும் தாண்டி எதை மாற்றினால் லாபம்? பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் முதலிடம் எஸ்எஸ்டிக்குத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால். சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட்டைச் சுற்றித்தான் படிக்கும். அதே சாட்டா இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து லேப்டாப்களில் இருப்பது இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க். பரண்மேல் கிடக்கும் அவற்றுக்கும் இந்த மாற்றம் பொருந்தும்.

புதியவற்றில் எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டி. அதில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாய்வாகச் செருகினால் மறுமுனை மேலே எழும்பி நிற்கும். அழுத்திப் பிடித்து ஒற்றை ஸ்க்ரூவைப் போட வேண்டும். வாங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று: எம்.2 வாய் இருப்பதாலேயே அது என்விஎம்இ வகையை ஏற்கும் என்று சொல்ல முடியாது. சில பழைய மாடல்கள் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். உருவம் ஒன்று, உள்ளே பேசும் மொழி வேறு.

ரேமில் குழப்பம் குறைவு. டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டு இருக்கும் இடம் மாறியிருக்கும், ஆகவே தவறானது உள்ளே போகாது. போகவில்லையே என்று அழுத்தாமல் இருந்தால் சரி. சரியானதும் முப்பது டிகிரி சாய்வில் முழுசாக உள்ளே போன பிறகுதான் கீழே அழுத்த வேண்டும், இரு பக்கக் கொக்கிகளும் பிடிக்கும் சத்தம் கேட்கும்.

விசிறியைத் திறந்தால், அதற்கும் வெப்பத்தகடுகளுக்கும் நடுவே வருடக்கணக்கில் படிந்த தூசி ஜமக்காளத் துண்டுபோல முழுசாக உரிந்து வரும். சூடு தாங்காமல் அணையும் லேப்டாப்களில் பலவற்றுக்கு அதை எடுப்பதே வைத்தியம். புளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அசுர வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போகும். தெர்மல் பேஸ்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் யூடியூப் வீரர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெப்பத்தகட்டைக் கழற்ற நேர்ந்தால் மாற்றினால் போதும். அதன் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையில், ஒரே மூச்சில் இறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

வீட்டில் கை வைக்கக் கூடாதவையும் உண்டு. மலிவு மாடல்கள் சிலவற்றில் கீபோர்டை சி பேனலோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பார்கள். கீபோர்டுக்காக முழுப் பேனலையும் மாற்ற வேண்டிவரும். ஹிஞ்ச் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பித்தளை நட்டு பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உடைசல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். அதைப் பசை போட்டு நிறுத்துவது கடைக்காரரின் கைப்பழக்கம்.

உப்பிய பேட்டரி இன்னும் மோசம். டச்பேட் மேலே எழும்பியிருக்கும், கிளிக் ஆகாது. அல்லது மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். பசையோடு இருக்கும் உப்பிய பேட்டரியை இரும்புக் கருவியால் நெம்பினால் குத்துப்பட்டு நொடியில் தீப்பிடிக்கலாம். லித்தியம் செல்லுக்குள் மிகச் சிறு பிசகும் போதும் என்பதற்கு 2006-இல் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றதே சாட்சி. சோனி தயாரித்த செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் கலந்து ஷார்ட் ஆனதுதான் காரணம். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

சட்டங்களும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்புகின்றன. 2021 முதல் பிரான்ஸில் விற்கும் லேப்டாப்களில் பழுதுபார்ப்பு மதிப்பெண் போடவேண்டும். இந்தியாவின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கி, நிறுவனங்களின் கையேடு, வாரன்டி விவரங்களை ஓரிடத்தில் சேர்க்கிறது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லேப்டாப், பெட்டிக்குள் இருக்கும் ஒரே திருப்புளியால் முழுவதும் கழலும். பாகங்களின்மேல் க்யூஆர் கோடு, அதை ஸ்கேன் செய்தால் மாற்றும் முறை. புதிது வாங்கப் போகிறவர் கடையில் புராசசர் பெயரைக் கேட்கும் அதே மூச்சில், ரேம் தனியாக இருக்கிறதா, பற்றவைத்ததா என்றும் கேட்டுவிடலாம்.

வேலை முடிந்து மூடிவிட்டு பவர் பட்டனை அழுத்தியதும் ஒன்றும் வராவிட்டால் பலர் உடனே மறுபடி திறக்கிறார்கள். அவசரம் வேண்டாம். பயாஸில் பேட்டரியை முடக்கியவர் சார்ஜரைச் செருகும்வரை டி480 உயிர் பெறாது; அது அப்படித்தான். டிடிஆர்5 ரேம் மாற்றியிருந்தால், புது ரேமோடு ஒத்துப்போக போர்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். விசிறி சத்தம் கேட்கிறதா, பவர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். அந்த நேரத்தில் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், அடுத்த முறை போர்டு அந்த வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.