இரண்டு சின்னக் கேமரா… எது வயலுக்கு உதவும்?

நெல் தூரின் அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் புகையான், வளர்ந்த நிலையிலும் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியதுபோல ஆன பிறகுதான் பலரும் வயலுக்குள் இறங்குகிறார்கள். நோய்களிலும் இதே கதைதான். குலைநோய்ப் புள்ளி இரு முனையும் கூர்மையாக, கண் வடிவில், நடுவே சாம்பல் நிறத்தோடு இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி எள் விதைபோல நீள்வட்டமாக இருக்கும். ஒன்றை மற்றொன்று என்று நினைத்து மருந்து அடித்தால் காசும் வீண், நோயும் நிற்காது.

இந்த வித்தியாசத்தை வேளாண் அலுவலருக்கோ, விஞ்ஞானிக்கோ காட்ட ஒரு தெளிவான படம் போதும். ஆனால், அந்தத் தெளிவான படம்தான் கிடைப்பதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைத் தாண்டி திருநின்றவூர், வெள்ளவேடு பக்கம் போனால், வீட்டில் ஒருவர் தொழிற்பேட்டை வேலைக்கும் ஒருவர் வயலுக்கும் போகிற குடும்பங்களைப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் நல்ல போன், வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். வயலில் இருப்பவரிடம் மங்கலான படம் எடுக்கும் பழைய போன்தான் மிச்சம். இந்த நிலையில்தான், ‘சட்டைப் பையில் போடுகிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினால் என்ன?’ என்ற யோசனை வருகிறது.

யோசனை தவறில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஏன் இப்போது மலிவாகக் கிடைக்கிறது?

ஜப்பான் நாட்டுக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, 2010-ம் ஆண்டில் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அது சுமார் 77 லட்சம். போனிலேயே கேமரா வந்துவிட்டதால், சின்னக் கேமராக்களுக்குத்தான் பெரிய அடி. அதனால் கைமாறி வரும் கேமராக்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு பக்கம்தான். அங்கே போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

இந்த ரகத்தில் பரவலாக விற்ற இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2014-ல் வந்த சோனி சைபர்-ஷாட் டபிள்யூ 830. இன்னொன்று, 2017-ல் வந்த கேனன் இக்சஸ் 185.

பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு

இரண்டுமே 20 மெகாபிக்சல். இரண்டுக்கும் 8 மடங்கு ஜூம். இரண்டின் திரையும் 2.7 அங்குலம். வீடியோவும் ஒரே தரம்தான். எடை இரண்டுமே 120 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 210 படம் என்பதே இரண்டு நிறுவனங்களும் சொல்லும் கணக்கு. பெட்டியை மட்டும் படித்தால், ‘விலை குறைந்ததை வாங்கு’ என்றுதான் தோன்றும்.

‘20 மெகாபிக்சல்’ என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு கேமராவுக்குள்ளும் ஒளியை வாங்கும் சில்லு, சுமார் 6 மி.மீ. அகலமும் 4.5 மி.மீ. உயரமும் கொண்டதுதான், ஒரு பயறு மணி அளவு. ஒரு சென்ட் நிலத்தில் நாற்றை நெருக்கி நட்டால் தூர் கட்டாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சின்ன இடத்தில் அதிகப் புள்ளிகளை அடைத்தால், வெளிச்சம் குறையும்போது படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். நல்ல வெயிலில் வித்தியாசம் தெரியாது. மாலை 6 மணிக்கோ, தூரின் அடியிலோ எடுத்தால் தெரியும்.

உண்மையான வித்தியாசம் இரண்டே இடத்தில்

*முதலாவது, எவ்வளவு கிட்டே போகலாம்?*

ஜூம் செய்யாமல் வைத்தால் இக்சஸ் 185, மேக்ரோ முறையில் இலையிலிருந்து 1 செ.மீ. தூரம் வரை கிட்டே போய்த் தெளிவாகப் பிடிக்கும். டபிள்யூ 830-க்குக் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

நாலு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 5 செ.மீ. தூரத்தில் படத்துக்குள் விழுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். 1 செ.மீ. தூரத்தில் விழுவது சுமார் இரண்டு விரல் அகலம். படத்தின் அகலம் முழுக்க சுமார் 5,150 புள்ளிகள். 3 மி.மீ. புகையான் முதல் படத்தில் ஏறக்குறைய 200 புள்ளிகளிலும், இரண்டாவதில் 500 புள்ளிகளிலும் பதியும். 200 புள்ளியில் ‘ஏதோ பூச்சி’ என்று தெரியும். 500 புள்ளியில் இறக்கை, நிறம் வரை பார்த்து இது புகையானா, தத்துப்பூச்சியா என்று சொல்லிவிடலாம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்புச் சிலந்தி மல்லிகை இலையின் அடியில் இருந்தால், 1 செ.மீ. வரை போகும் கேமராவில்தான் அது கொஞ்சமாவது கண்ணில் படும்.

இதிலும் ஒரு குறை உண்டு. அவ்வளவு கிட்டே போனால் கேமராவின் நிழலே இலை மீது விழும். பறக்கிற பூச்சி பறந்துவிடும். அதனால் இலையைப் பறித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து எடுக்க வேண்டும்.

*இரண்டாவது, கை நடுங்கினால் என்ன ஆகும்?*

டபிள்யூ 830-ல் கை அசைவுக்கு ஏற்ப லென்ஸே அசைந்து சரிசெய்யும் வசதி இருக்கிறது. இக்சஸ் 185-ல் லென்ஸுக்கு அந்த வசதி இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்திலும், ஜூம் செய்து எடுக்கும்போதும் சோனிதான் கைகொடுக்கும். வீட்டு விசேஷம், கோயில் திருவிழா, மாட்டுக் கொட்டகை, தென்னை மரத்தின் குருத்து… இவற்றுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒன்று, கை நடுக்கத்தை அது சரிசெய்யும். காற்றில் ஆடும் இலையைச் சரிசெய்யாது.

கேனனிலேயே இந்த வசதி வேண்டுமென்றால், அதே ஆண்டு வந்த இக்சஸ் 190 இருக்கிறது. அதற்கு 10 மடங்கு ஜூம், கை நடுக்கம் தடுக்கும் லென்ஸ், வைஃபை மூன்றும் உண்டு. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 185-ஐ விட்டுவிட்டு 190-ஐக் கேட்கலாம்.

இந்தக் கேமராவால் முடியாத ஒரு வேலை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஊரும் வயலும் தண்ணீரில் நின்றன. 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் படம் ஒரு சாட்சி. ஆனால் எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பு படத்தோடு பதிய வேண்டும். டபிள்யூ 830, இக்சஸ் 185 இரண்டிலும் இடத்தைக் குறிக்கும் ஜி.பி.எஸ். இல்லை. பயிர்க் காப்பீட்டில் தனிப்பட்ட வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்கான செயலியும் போனில்தான் இயங்கும்.

ஆகவே, நிவாரணமும் காப்பீடும்தான் உங்கள் கவலை என்றால், கேமராவுக்குப் போடும் பணத்தை ஒரு நல்ல போனுக்குச் சேர்த்து வைப்பதே சரி. வீட்டில் ஏற்கெனவே தெளிவாகப் படம் எடுக்கும் போன் இருந்தால், அதன் மேல் மாட்டும் சின்னப் பூதக்கண்ணாடி லென்ஸே பூச்சிப் படத்துக்குப் போதும். கேமரா வேண்டாம்.

கடையிலேயே 10 நிமிடச் சோதனை

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால், கையோடு ஒரு எஸ்.டி. மெமரி கார்டு, நாலு நெல்மணி, நோய் தாக்கிய இலை ஒன்று, ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள்.

1. நெல்மணியையும் ஸ்கேலையும் சேர்த்து வைத்து, இரண்டு கேமராவிலும் முடிந்தவரை கிட்டே போய் ஆளுக்கு மூன்று படம் எடுங்கள். மேக்ரோவுக்குப் பூ வடிவக் குறியைப் பார்த்து வையுங்கள்.
2. கடைக்குள் விளக்கு மங்கலாக உள்ள மூலையில், ஜூம் செய்து ஒரு பெயர்ப் பலகையை எடுங்கள்.
3. வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டின் திரையும் வெயிலில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.
4. கார்டைக் கழற்றி, கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

கைமாறிய கேமரா என்றால் இன்னும் சில:

* ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் தடங்கல் இல்லாமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.
* லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை.
* பேட்டரி உப்பியிருக்கிறதா, அதன் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இக்சஸுக்கு என்.பி. 11 வகை, சோனிக்கு என்.பி-பி.என். வகை பேட்டரி. மாற்று பேட்டரியும் சார்ஜரும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.
* மெமரி கார்டு எந்த வகை என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் சாதாரண எஸ்.டி. கார்டு போதும். இன்னும் பழைய சில கேமராக்களுக்கு எக்ஸ்.டி. என்ற தனி கார்டு வேண்டும். அது இன்று கிடைப்பது கஷ்டம்.
* பில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் பிறகு நியாயம் கேட்க முடியும். நுகர்வோர் புகாருக்கான தேசிய உதவி எண் 1915.

படம் எடுக்கும் முறை

கேமரா எதுவானாலும், மூன்று படமாக எடுங்கள். முதலில் வயல் முழுவதும். அடுத்து, பாதித்த ஒரு செடி. கடைசியாக இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் கிட்டத்தில். பக்கத்தில் ஸ்கேலோ, ஒரு ரூபாய் நாணயமோ வையுங்கள். பூச்சி எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குத் தெரியும். உச்சி வெயிலில் எடுக்காமல் காலையில் எடுங்கள். வெயில் இருந்தால் குடையால் நிழல் கொடுங்கள். மருந்து அடிப்பதற்கு முன்பே எடுங்கள். அடித்த பிறகு எடுத்த படத்தில் நோயையும் மருந்தின் கறையையும் பிரிப்பது சிரமம். மருந்து பட்ட கையோடு கேமராவைத் தொடாதீர்கள்.

படத்தைப் போனுக்கு மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்; கிட்டே போய் எடுத்த பலன் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்கு, செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. டி.கே.எம். நெல் ரகங்களைக் கொடுத்த நெல் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில்தான். படத்தோடு இலையையும் எடுத்துக்கொண்டு நேரில் போனால் இன்னும் நல்லது. போனில் கேட்க, கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

வாசகர் சந்தேகங்கள்

*கேள்வி: மழையில் நனைந்தால் என்ன செய்வது?*

பதில்: இரண்டுமே தண்ணீர் தாங்காத கேமராக்கள். நனைந்தால் உடனே ஆஃப் செய்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். நன்றாகக் காயும்வரை ஆன் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

*கேள்வி: காய்கறி, பூ விற்பனைக்குப் படம் எடுத்துப் போட எது நல்லது?*

பதில்: இரண்டும் போதும். விளைபொருளைக் காட்ட 20 மெகாபிக்சலே தேவையில்லை. நிழலான திண்ணையில், வெள்ளைத் துணி மேல் பரப்பி எடுத்தாலே நிறம் சரியாக வரும்.

*கேள்வி: சுருக்கமாகச் சொன்னால், எதை வாங்குவது?*

பதில்: பூச்சி, இலை நோய்தான் முக்கியம் என்றால் இக்சஸ் 185. வீட்டு விசேஷம், மாலை வெளிச்சம், ஜூம் என்றால் டபிள்யூ 830. நிவாரணம், காப்பீடு என்றால் போன். மூன்றில் உங்கள் தேவை எது என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையில் போய் முடிவெடுத்தால், அது கடைக்காரரின் முடிவாகத்தான் இருக்கும்.