சொந்த ஊரில் திட்டு, லாவோஸில் வேலை! - சிங்கப்பூர் சுந்தரமூர்த்தியின் கால்பந்துப் பயணம்

கால்பந்து கோச் என்றதும் நமக்கு மொரின்ஹோ, கார்டியோலா பெயர்கள்தான் டக்கென்று ஞாபகத்துக்கு வரும். நாடு விட்டு நாடு போய், ஜெயித்தால் மாலை, தோற்றால் மூட்டை என்று ஓடும் அந்தப் பிழைப்பை ஒரு தமிழரும் பார்த்திருக்கிறார். அவர், சிங்கப்பூரின் வி.சுந்தரமூர்த்தி.

1965-ல் பிறந்த சுந்தரமூர்த்தி, ஆட்டக்காரராக இருந்தபோதே நாடு தாண்டியவர். மலேசியாவில் கெடா அணிக்கு ஆடினார். 1980-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரை போனார். 1993 மலேசியக் கோப்பையில் புரூனேக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகப் பறந்து அவர் அடித்த கோலை, சிங்கப்பூர்ப் பெருசுகளிடம் இன்றைக்குக் கேட்டாலும் கை கால் ஆட்டி விளக்குவார்கள்.

கோச் ஆன பிறகு அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி, லயன்ஸ் லெவன் மூலம் வந்தது. மலேசிய லீக்கில் ஆட சிங்கப்பூர் அனுப்பிய அணி இது. மற்ற அணிகளில் காசு கொடுத்து இறக்கிய வெளிநாட்டு ஸ்டிரைக்கர்கள் இருந்தார்கள். இவரிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். முதல் சீசனான 2012-ல் இரண்டாம் இடம். 2013-ல் சாம்பியன்! அடுத்து மலேசியாவின் நெகிரி செம்பிலான் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார்.

2016 மே மாதம் சிங்கப்பூர் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. கோல் வாங்காமல் இருப்பதுதான் முதல் வேலை என்று பின்வாங்கி ஆடவைத்தார். 'இதெல்லாம் ஒரு ஆட்டமா?' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு தென்கிழக்கு ஆசியக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேற்றம். 2017-ல் அர்ஜென்டினாவிடம் 0-6. (மெஸ்ஸி வரவில்லை, அதுவரைக்கும் தப்பித்தார்கள்!) ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. 2018 ஏப்ரலில் விலகினார்.

ரசிகர்களின் கோபம் நியாயம்தான். ஆனால், அணியின் பலம் என்ன என்பதைப் பார்த்துத்தான் ஒரு கோச் திட்டம் போட முடியும். அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து அவர் போன இடம், லாவோஸ். கடலே இல்லாத நாடு. நம் ஜவ்வாது மலை போல எங்கு பார்த்தாலும் மலையும் காடும். மொத்த மக்கள்தொகையே தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஃபிஃபா தரவரிசையில் 180-ஐத் தாண்டிக் கிடந்த அணி. 2019 ஜூனில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் வங்கதேசத்திடம் சொந்த மண்ணில் 0-1 தோல்வி. டாக்காவில் 0-0 டிரா. அந்த ஒரே கோலில் கதவு மூடியது.

அதே ஆண்டு நவம்பரில், பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் லாவோஸுக்கு எதிரே வந்து நின்றது சிங்கப்பூர். அந்த இளம் அணியின் கோச், ஃபாண்டி அகமது. ஒரு காலத்தில் சுந்தரமூர்த்தியோடு சேர்ந்து சிங்கப்பூருக்கு ஆடியவர். லாவோஸை ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் சிங்கப்பூர் ரசிகர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். 90 நிமிடமும் லாவோஸ் பையன்கள் கோல் விடவில்லை.

ஆட்டம் 0-0. எந்தப் பாணிக்காக ஊரில் திட்டு வாங்கினாரோ, அதே பாணி!