போர்டு ஒண்ணுதான்... ஆனா கிராமத்து பி.எச்.சி.யும் நகரத்து பி.எச்.சி.யும் ஒண்ணா? என்ன வித்தியாசம்?

நள்ளிரவில் பிரசவ வலி. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால், தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் பிரசவம் பார்க்க நர்ஸ் இருப்பார். அதே நம்பிக்கையில் நகரத்து நிலையத்துக்கு ஓடினால், கதவு பூட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர் ஒன்று, வேலை வேறு. அது எப்படி?

எத்தனை பேருக்கு ஒன்று?

மத்திய அரசின் விதிமுறைப்படி, கிராமப்புறத்தில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். மலை மற்றும் பழங்குடியினர் பகுதி என்றால் 20,000 பேருக்கு ஒன்று. அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் உண்டு. நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்றுதான்.

நகரத்தில் ஏன் படுக்கை இல்லை?

கிராமத்து நிலையங்கள் 1952-லேயே தொடங்கிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருப்பதால், பிரசவம், தடுப்பூசி, நாய்க்கடி, காய்ச்சல் என எல்லாத்துக்கும் முதல் வாசல் அதுதான். அதனால்தான் அங்கே படுக்கை வசதியும் இருக்கு.

நகரங்களுக்கான தேசிய திட்டம் வந்தது 2013-ல்தான். பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கும் என்ற கணக்கில், நகரத்து நிலையங்கள் பெரும்பாலும் புறநோயாளிகளை மட்டும் பார்க்கின்றன.

நேரம் யாருக்கு வசதி?

கூலி வேலைக்குப் போறவங்க காலையில் லீவு போட்டு வர முடியாது. இதற்காகவே தமிழ்நாட்டில் 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 மணி, மாலை 4 முதல் இரவு 8 மணி என்பது இவற்றின் நேரம்.

பெரிய வித்தியாசம் இதுதான்

கிராமத்தின் பலம் கட்டிடம் இல்லை, கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்பது அவருக்குத் தெரியும். வரலைன்னா வீட்டுக்கே வந்துடுவாங்க.

நகரத்திலும் சுகாதார செவிலியர்கள் உண்டு. ஆனால் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களையும், வேலைக்காக வந்து தங்கியவர்களையும் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும், பேர் பதிவேட்டில் இல்லாததால் சிகிச்சை விட்டுப்போவது இங்கேதான்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. இதிலும் வீட்டு விவரம் பதிவாகியிருப்பது முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

* ஊர் மாறினால் பழைய செவிலியரிடம் சொல்லுங்கள். புதிய பகுதி நிலையத்திலும் உடனே பதிவு செய்யுங்கள்.

* கர்ப்பிணிகள் ஆர்.சி.எச். எண்ணையும், தாய் சேய் நல அட்டையையும் கையிலேயே வைத்திருங்கள்.

* நகரத்தில் இருந்தால், பிரசவம் எந்த மருத்துவமனையில் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். வலி வந்த பிறகு தேடக்கூடாது.

* அவசரம்னா 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.